நகையைத் திருப்பிப் பாருங்கள், அப்புறம் தண்ணீரைத் தொடுங்கள்

கேட்டிருப்பவர் வேளச்சேரியில் இருக்கிறார். அம்மாவின் நகைப்பெட்டி இப்போது அவர் கைக்கு வந்திருக்கிறது. 2 கெட்டி வளையல், ஏழுகல் வைரத்தோடு, கெம்பு அட்டிகை, ஒரு முத்துமாலை, நவரத்ன மோதிரம், ஒரு ஜோடி சேலம் கொலுசு. இவற்றோடு அவர் கழுத்தில் இருக்கும் தாலிக்கொடி. ஆவணியில் தங்கைக்குக் கல்யாணம். டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் பளபளக்கும் என்று ஒரு வீடியோ சொல்கிறது, விபூதியே போதும் என்று அத்தை சொல்கிறார், மாதம் ஒரு தடவை பாலிஷுக்குக் கொண்டுவாருங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது, வீட்டிலேயே செய்யலாமா என்பது கேள்வி.

செய்யலாம். ஆனால் மூன்று பேர் சொன்னதில் எதையும் பெட்டி முழுவதற்கும் சேர்த்துச் செய்துவிடாதீர்கள். முதல் வேலை, ஒவ்வொரு நகையையும் பின்பக்கம் திருப்பிப் பார்ப்பது. முன்பக்கம் அழகைக் காட்டும். எப்படிச் செய்திருக்கிறார்கள் என்பது பின்பக்கத்தில்தான் தெரியும். நான் சவுகார்பேட்டையில் அப்பாவின் பட்டறையில் உமியோட்டுப் (உமியில் நெருப்பு வைக்கிற சட்டி) பக்கத்தில் உட்கார்ந்து தொழில் பழகியவன். இப்போது மயிலாப்பூரில் புது நகையை விடப் பழுது பார்க்கிற வேலைதான் அதிகம். என்னிடம் வருகிற பழுதில் ஒரு பங்கு போட்டுப் போட்டுத் தேய்ந்தது. இன்னொரு பெரிய பங்கு, வீட்டில் யாரோ ஆசையாக உட்கார்ந்து சுத்தம் செய்தது. அழுக்கால் கெட்டுப்போன நகையை நான் அதிகம் பார்த்ததில்லை.

சரி, திருப்பிவிட்டீர்கள். என்ன தெரிகிறது? கல்லே இல்லாமல் வெறும் தங்கம் என்றால் கவலை இல்லை. கல் இருந்து, அதன் அடியில் ஓட்டை விட்டு, வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் ஒளி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்தால் அது திறந்த கட்டு. அதற்கும் தண்ணீர் ஆகும், கல்லைப் பொறுத்து. பின்பக்கம் முழுக்கத் தங்கத் தகடு போட்டு மூடியிருந்தால் அது மூடின கட்டு. உங்கள் பெட்டியில் அட்டிகை நிச்சயமாக அப்படித்தான் இருக்கும், பழைய வைரத்தோடும் பெரும்பாலும் அப்படியே. அந்த இரண்டையும் இப்போதே எடுத்துத் தனியாக ஒரு துணியில் வையுங்கள். தண்ணீர் வைத்திருக்கும் மேஜைக்கே அவை வர வேண்டாம்.

முதலில் வளையல். நம்மூரில் பழக்கம் 22 காரட். அதில் தங்கம் 91.6 சதவீதம், 916 என்று முத்திரை அடிப்பது இதனால்தான். தங்கம் காற்றோடும் வேர்வையோடும் எந்த வம்புக்கும் போகாது. மீதியிருக்கும் செம்பும் வெள்ளியும் போகும். ஆனால் நாள்பட்ட வளையல் மங்கித் தெரிவதற்குக் காரணம் பெரும்பாலும் அதுகூட இல்லை. தேங்காய் எண்ணெய், சோப்பு, பவுடர், வேர்வை எல்லாம் சேர்ந்து ஒரு படலமாக ஒட்டிக்கொண்டிருக்கும். எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க எது போதுமோ அதுவே இதற்கும் போதும். வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு கிண்ணத்தில், பாத்திரம் கழுவும் திரவம் 2 சொட்டு, 15 அல்லது 20 நிமிடம் ஊறல், குழந்தைகளுக்கு விற்கிற மெத்தென்ற டூத்பிரஷ். அவ்வளவுதான்.

எங்கள் பட்டறையில் இதற்குப் பூந்திக்கொட்டைதான். 5, 6 கொட்டையை உடைத்து விதையை எறிந்துவிட்டு, தோலை வெந்நீரில் அரைமணி நேரம் ஊறப்போட்டுக் கசக்கினால் நுரைத்துக்கொண்டு வரும். அதில் சபோனின் என்ற பொருள் இருக்கிறது, இயற்கையாகக் கிடைக்கிற சோப்பு என்றே வைத்துக்கொள்ளலாம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். தங்கத்துக்கு இதைவிடச் சாதுவான பொருளை நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. பட்டுப்புடவைக்கும் இதையேதான் பாட்டிமார்கள் வைத்திருந்தார்கள்.

அலசும்போது சென்னைக்காரர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. போர் தண்ணீரில் அலசி அப்படியே காயவிட்டால் வெள்ளையாக உப்புப் படியும். வாளியிலும் ஷவரிலும் படிகிற அதே உப்பு. கல்லின் அடியில் படிந்தால் கல்லே மங்கலாகத் தெரியும். ‘போன வாரம்தான் கழுவினேன், இன்னும் மோசமாகிவிட்டது’ என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது எந்தத் தண்ணீர் என்பதைத்தான். கடைசி அலசலுக்கு ஒரு டம்ளர் கேன் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு பழைய மல் வேட்டித் துணியில் ஒற்றி எடுத்து, மின்விசிறிக்கு அடியில் ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். முறுக்குச் சங்கிலியும் உள்ளே பொள்ளலான ஜிமிக்கியும் மேலே காய்ந்த மாதிரி இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும்.

வாஷ்பேசினில் மட்டும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். கிண்ணத்துத் தண்ணீரைக் கொட்டும்போதும் டீ வடிகட்டியில் வடித்துக் கொட்டுங்கள். தளர்ந்திருந்த கல் ஊறலில்தான் கழலும். பட்டறையில் தரையைக் கூட்டின குப்பையைக்கூட எறிய மாட்டோம், அதை விலை கொடுத்து வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

இப்போது டூத்பேஸ்ட். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை மோஸ் அளவில் சொல்வார்கள், வைரம் 10. நம் விரல் நகம் சுமார் 2.5. 22 காரட் தங்கமும் ஏறக்குறைய அந்த இடத்தில்தான் இருக்கிறது. பல்லின் எனாமல் 5. எனாமலில் இருக்கும் கறையைச் சுரண்டி எடுக்கிற மாதிரி அரைத்து வைத்த பொடிதான் டூத்பேஸ்டில் இருக்கிறது. அதைக் கொண்டுபோய் நகத்தளவு மென்மையான உலோகத்தில் தேய்த்தால் என்ன ஆகும்? அன்றைக்குப் பளபளக்கும், அதை மறுக்கவில்லை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஆயிரம் கீறல். அடுத்த மாதம் அந்தக் கீறலுக்குள் எல்லாம் எண்ணெய் உட்கார்ந்து முன்னைவிட மங்கும், மறுபடி தேய்ப்பீர்கள். பாத்திரம் தேய்க்கிற பவுடர், பச்சை நார், செங்கல் பொடி எல்லாம் இந்தக் குடும்பம்தான். அத்தை சொன்ன விபூதிக்கு ஓரளவு மரியாதை உண்டு, அதை வெள்ளிப் பாத்திரத்துக்கு வரும்போது சொல்கிறேன். தங்கத்துக்கு வேண்டாம்.

மஞ்சள் தண்ணீரில் கொதிக்கவைத்தால் நிறம் ஏறும் என்கிறார்களே என்றால், ஏறுவது மஞ்சளின் சாயம்தான், இரண்டு குளியலில் போய்விடும். கெடுதல் இல்லை, லாபமும் இல்லை. கொதிக்கவைப்பதில்தான் ஆபத்து, உள்ளே அரக்கு நிரப்பின வளையலாக இருந்தால்.

தாலிக்கொடிக்கு ஊறல் நேரத்தை இரட்டிப்பாக்குங்கள். தினம் பூசுகிற மஞ்சளும் குங்குமமும் கண்ணிகளுக்கு நடுவே களிமண் மாதிரி இறுகியிருக்கும். அந்தக் களிமண் இளகினதும் ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். ஒன்றோடொன்று உரசும் இடத்தில் பாதி தேய்ந்து நூல் மாதிரி நிற்கிற கண்ணி ஒன்றாவது, 15 வருஷம் போட்ட கொடியில் இருக்கும். கொக்கி அருகில்தான் முதலில் தேயும். அழுக்கு எடுப்பதைவிட இதைக் கண்டுபிடிப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பேருந்தில் அறுந்து விழுந்த பிறகு வருகிறவர்களிடம் கேட்டால் எல்லோரும் ‘திடீரென்று அறுந்தது’ என்பார்கள். திடீரென்று எதுவும் அறுவதில்லை.

கெம்பு அட்டிகைக்கு வருகிறேன். நீங்கள் கேட்டதில் எனக்குப் பயம் தந்தது இதுதான்.

மூடின கட்டில் கல் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். தங்கத்தில் சிறு குழி. அதில் அரக்கு. அதற்குமேல் பளபளப்பான ஒரு மெல்லிய தகடு. தகடுக்குமேல் கல். கல்லைச் சுற்றி மெல்லிய தங்கத்தை அழுத்தி விளிம்பு கட்டியிருப்பார்கள். கெம்பு அந்த ரத்தச் சிவப்பில் ஜொலிப்பதற்குக் கல் பாதிக் காரணம், அடியில் இருக்கும் தகடு பாதிக் காரணம். முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பின்னால் ரசம் பூசியிருப்பது மாதிரி. விளிம்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் தண்ணீர் போகிற அளவுக்கு இடைவெளி இருக்கும். போன தண்ணீர் திரும்பி வர வழி கிடையாது. உள்ளேயே நின்று தகட்டைக் கறுக்க வைக்கும். அப்புறம் கல் செத்துப்போன மாதிரி கருஞ்சிவப்பாகத் தெரியும், ரசம் போன கண்ணாடியேதான். மேலே எவ்வளவு துடைத்தாலும் வராது, ஏனென்றால் அழுக்கு மேலே இல்லை.

ஒரு அம்மாள் 40 வருஷம் கறுக்காத அட்டிகையை, பேத்தி நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாள் சோப்புத் தண்ணீரில் 10 நிமிடம் போட்டு எடுத்தார். கறுப்பு அன்றைக்கே தெரியவில்லை. 3 மாதம் கழித்துப் பெட்டியைத் திறந்தபோது 11 கல் போயிருந்தது. கல்லை ஒவ்வொன்றாகப் பிரித்து, தகடு மாற்றி, மறுபடி கட்டிக் கொடுத்தேன். ஆன செலவில் ஒரு சின்ன நகை வாங்கியிருக்கலாம்.

வேர்வையும் தண்ணீர்தான் என்பதை மறந்துவிடுகிறோம். கத்திரி வெயிலில் கல்யாண மண்டபத்தில் ஆறு மணி நேரம் அட்டிகை போட்டிருந்துவிட்டு, ராத்திரியே வெல்வெட் பெட்டியில் போட்டு மூடி, மறுநாள் லாக்கருக்குக் கொண்டுபோவார்கள். பாதுகாப்புக்காகச் செய்வதுதான், ஆனால் ஈரத்தை உள்ளே வைத்துப் பூட்டுகிற வேலை அது. ஒரு ராத்திரி வெள்ளைத் துணியில் பரப்பி, கதவைப் பூட்டிக்கொண்டு, மின்விசிறியைப் போட்டுவிடுங்கள். பரதநாட்டியம் ஆடுகிற பெண்கள் இதில் கெட்டிக்காரிகள். மார்கழியில் நாள் தவறாமல் நிகழ்ச்சி இருந்தாலும், கழற்றின கையோடு நெத்திச்சுட்டியையும் ராக்கொடியையும் ஒற்றி எடுத்துக் காற்றாட விட்ட பிறகுதான் டப்பாவில் வைப்பார்கள்.

அப்படியானால் அட்டிகையை எப்படித்தான் சுத்தம் செய்வது? ஓவியம் வரைகிற புது பிரஷ்ஷால், காய்ந்த நிலையில், தூசியைத் தட்டிவிடுங்கள். பின்பக்கத் தகட்டை மட்டும் ஈரம் பிழிந்த மல் துணியால் துடைக்கலாம். முன்பக்கத்துக்கு அந்தத் துணியும் வேண்டாம். வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசினதாக இருந்தால் பின்பக்கத்தையும் அழுத்தித் தேய்க்கக் கூடாது, முலாம் கையோடு வந்துவிடும். ஹேர் டிரையர் வேண்டவே வேண்டாம், அரக்கு சூட்டில் இளகும். வெயிலில் நிறுத்தின காரில் வைத்திருந்த அட்டிகையிலேயே கல் ஒருபக்கம் சாய்ந்து நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

ஏழுகல் தோடும் மூடின கட்டாக இருந்தால் இதே விதிதான். வைரத்துக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது, கட்டுக்குத்தான் ஆகும். மங்கிவிட்டது என்றால் நகை செய்கிற நம்பிக்கையான பத்தரிடம் கொடுத்து ‘பிரித்துக் கட்டச்’ சொல்லுங்கள். கல்லை எடுத்துக் கழுவி, குழியைச் சுத்தம் செய்து, மறுபடி கட்டுவார். கொடுப்பதற்கு முன்னால் நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், ஏழு கல்லிலும் ஏதாவது புள்ளி, கீறல் இருந்தால் அது தெரிகிற மாதிரி. எடையையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். முடிந்தால் பக்கத்தில் உட்கார்ந்தே செய்து வாங்குங்கள், நல்ல பத்தர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

திறந்த கட்டு வைரமாக இருந்தால் கதையே வேறு. வைரத்துக்கும் எண்ணெய்க்கும் அப்படி ஒரு ஒட்டுறவு. சுரங்கங்களில் நொறுக்கின கல்லைத் தண்ணீரோடு கிரீஸ் பூசின மேஜையில் ஓடவிட்டு வைரத்தைப் பிரித்தெடுத்தார்கள். மற்ற கல் எல்லாம் வழுக்கிப் போகும், வைரம் மட்டும் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். தலைக்கு எண்ணெய் வைக்கிற நம் வீடுகளில் தோடு ஏன் அவ்வளவு சீக்கிரம் மங்குகிறது என்று இப்போது புரியும். வளையலுக்குச் சொன்ன அதே சோப்புத் தண்ணீர்க் குளியல்தான். பிரஷ்ஷை முன்பக்கம் விட்டுவிட்டுப் பின்பக்கம், திருகுத் தண்டைச் சுற்றிப் போடுங்கள். முடித்ததும் சிறிது பஞ்சை எடுத்துக் கல்லின் மேல் லேசாக இழுங்கள். பஞ்சு எங்காவது மாட்டி இழை நின்றால் அங்கே கல்லைப் பிடித்திருக்கும் தங்கப் பல் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம். காதருகில் வைத்து ஆட்டிப் பார்ப்பதும் உண்டு, தளர்ந்த கல் சத்தம் கொடுக்கும்.

முத்துமாலைக்குத் தனி விதி. முட்டை ஓட்டை எலுமிச்சைச் சாற்றில் போட்டால் நுரைத்துக் கரைவதைப் பள்ளிக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். முத்தும் அதே கால்சியம் கார்பனேட்தான். எலுமிச்சை, புளி, வினிகர் எதுவும் கிட்டே வரக் கூடாது. வேர்வையே அதற்கு அதிகம். போடும்போது செண்ட், பவுடர், பூ எல்லாம் முடித்துக் கடைசியாக முத்து. கழற்றும்போது முதலில் முத்து. ஈரம் பிழிந்த துணியால் ஒவ்வொரு மணியாகத் துடைத்தால் போதும். தண்ணீரில் முக்கினால் நூல் ஊறி, நீண்டு, உள்ளே அழுகும். மணிக்கும் மணிக்கும் நடுவே நூல் தெரிகிறதா பாருங்கள். தெரிந்தால் மாலையைக் கோர்க்கக் கொடுக்கிற நேரம் வந்துவிட்டது. ஒவ்வொரு மணிக்கும் முடிச்சுப் போட்டுக் கோர்க்கச் சொல்லுங்கள். அறுந்தாலும் ஒரு மணிதான் உருளும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் முத்தை வருஷக்கணக்கில் வைக்காதீர்கள், அதற்குக் கொஞ்சம் ஈரப்பதம் வேண்டும். பருத்தித் துணிப் பை நல்லது.

நவரத்ன மோதிரத்தில்தான் எல்லோரும் தவறுவது. ஒன்பது கல்லில் வைரம், மாணிக்கம், நீலம் மூன்றும் முரடர்கள், எதையும் தாங்குவார்கள். அவர்களைப் பார்த்துத் தைரியம் வந்து கழுவிவிடுவோம். அதே மோதிரத்தில் முத்தும் பவழமும் இருக்கிறதே, இரண்டும் சுண்ணாம்புச் சத்து. மரகதம் இன்னொரு தொல்லை. மரகதம் என்றாலே உள்ளே நுண்ணிய வெடிப்பு இருக்கும். அது தெரியாமல் இருக்க எண்ணெய் ஏற்றுவது உலக வழக்கம், ஏமாற்று வேலை இல்லை. வெந்நீரும் சோப்பும் அந்த எண்ணெயை இழுத்துவிட்டால், நேற்றுவரை தெளிவாக இருந்த கல்லில் இன்றைக்கு விரிசல் தெரியும். ஆக, ஒன்பதில் மிகவும் நோஞ்சானுக்கு எது ஆகுமோ அதுவே மோதிரத்துக்கு. ஈரத்துணி, அவ்வளவுதான். மாணிக்கத்திலும் இப்போது ஈயக் கண்ணாடி நிரப்பின மலிவு ரகம் நிறைய வருகிறது, எலுமிச்சைச் சாறே அந்தக் கண்ணாடியை அரித்துவிடும். அல்ட்ராசோனிக் என்று இணையத்தில் விற்கிற அதிர்வு டப்பாவில் முத்து, பவழம், மரகதம் எதையும் போடாதீர்கள். வாங்கவே வேண்டாம் என்பது என் கட்சி.

கொலுசு கறுத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். வெள்ளியைக் கறுக்க வைப்பது கந்தகம். கூவம், பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் போகும்போது மூக்கைப் பிடிக்க வைக்கிற அந்த அழுகல் முட்டை வாடை ஹைட்ரஜன் சல்பைடு. வெள்ளிக்கு எமன் அதுதான். நிறையத் தேவையில்லை, நம் மூக்குக்கே எட்டாத அளவு போதும். வீட்டுக்குள்ளும் குறைவில்லை: வெங்காயம், பூண்டு, முட்டை, பெருங்காயம் எல்லாவற்றிலும் கந்தகச் சேர்மங்கள் இருக்கின்றன. தீபாவளி மத்தாப்பும் போகிக்கு எரிக்கிற டயரும் தெருவையே கந்தகமாக்கும். ‘வாங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை, வெள்ளியில் கலப்படம்’ என்று சண்டைக்கு வருகிறவர்கள் உண்டு. கறுப்பதைக் கொண்டு கலப்படம் என்று சொல்லிவிட முடியாது. நல்ல வெள்ளியும் கறுக்கும்.

தேய்த்தால் கறுப்போடு வெள்ளியும் போகும், ஏனென்றால் அந்தக் கறுப்பே வெள்ளியும் கந்தகமும் சேர்ந்ததுதான். அதைத் தேய்க்காமல் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. கண்ணாடி அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தின் அடியில், சப்பாத்தி சுற்றுகிற அலுமினியத் தாளைப் பளபளப்பு மேலே தெரியும்படி விரியுங்கள். ஒரு லிட்டர் நல்ல வெந்நீரில் ஒரு மேஜைக்கரண்டி சமையல் சோடா, அதே அளவு உப்பு. கொலுசு அலுமினியத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்க வேண்டும், அதுதான் ரகசியம். சில நிமிடத்தில் அதே அழுகல் முட்டை வாடை லேசாக வரும். கந்தகம் வெள்ளியை விட்டுவிட்டு அலுமினியத்திடம் போகிறது. வெள்ளியும் குறையாது. எடுத்து அலசி, துடைத்து, காயவிடுங்கள். ஒரே நிபந்தனை: வெறும் வெள்ளிக்கு மட்டும். கல், முத்து, மீனா (வண்ண எனாமல்) வேலை, தங்க முலாம் இருந்தால் கூடாது. வேண்டுமென்றே கறுப்பு ஏற்றி விற்கிற ஆக்ஸிடைஸ்டு நகையை இதில் போட்டால் கறுப்பு அழகெல்லாம் போய் மொட்டையாக நிற்கும்.

வெள்ளிக் குத்துவிளக்கு, பஞ்சபாத்திரம் போன்ற கனமான பூஜைச் சாமான்களுக்கு அத்தையின் விபூதி சரிதான். சலித்த விபூதியை உலர்ந்த துணியில் தொட்டு மெதுவாகத் துடைக்கலாம். அதற்கு முன்னால் எண்ணெய்ப் பிசுக்கைச் சீயக்காயால் எடுத்துவிட வேண்டும். வேலைப்பாடு மெல்லிசாக இருந்தால் விபூதியும் நாளடைவில் முகத்தை வழித்துவிடும். பழைய வெள்ளிக் குங்குமச் சிமிழில் மூக்கும் கண்ணும் தேய்ந்த லட்சுமியைப் பார்த்திருப்பீர்களே.

கடைக்காரரின் மாதாந்திர பாலிஷுக்கு என் பதில்: வேண்டாம். இயந்திரத்தில் மெருகு போடுவது என்றாலே மேல்தோலைக் கொஞ்சம் சீவுவதுதான். கல்யாணத்துக்கு முன் ஒரு தடவை, சில வருஷத்துக்கு ஒரு தடவை, போதும். 2023 ஏப்ரல் 1 முதல் கடைகளில் விற்கிற ஹால்மார்க் நகைகளில் எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்கத் தனி அடையாளம் லேசரால் பொறித்திருக்க வேண்டும் என்பது விதி. ஓயாமல் பாலிஷ் போட்டால் அந்தப் பொறிப்பும் மங்கும். கொடுக்கும்போதும் வாங்கும்போதும் உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், மில்லிகிராம் வரை.

தெருவில் வருகிற பாலிஷ்காரரை உள்ளே விடவே விடாதீர்கள். கடையில் போவது தூசி அளவு. இவரிடம் போவது கிராம் கணக்கில். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் சேர்ந்தால் ராஜ திராவகம், தங்கத்தையே கரைக்கும். உங்கள் எதிரிலேயே ஒரு கிண்ணத்தில் முக்கி எடுத்து, பளபளவென்று கையில் கொடுப்பார். கரைந்த தங்கம் கிண்ணத்தில் தண்ணீர் மாதிரி கிடக்கும், அதை எடுத்துக்கொண்டு போய் அவர் பிரித்துக்கொள்வார். வளையல் வளையலாகவே இருக்கும், எடைதான் இருக்காது.

வீட்டு வேலையில் இரண்டுக்கு மட்டும் மோதிரத்தைக் கழற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் தொடும்போதும், கழிவறை ஆசிட் தொடும்போதும். குளோரின் 18 காரட் வெள்ளைத் தங்கத்தின் பற்களை வெடிக்க வைக்கும், நீச்சல் குளமும் அதே கணக்கு. இன்னொன்று பாதரசம். உடைந்த பழைய தெர்மாமீட்டரைக் கையால் அள்ளினால் மோதிரம் வெள்ளையாகிவிடும், தேய்த்தால் போகாது. சில சிவப்பழகு கிரீம்களிலும் பாதரசம் சோதனையில் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. வெளுத்த நகையை அடுப்பில் காட்டாதீர்கள், ஆவி விஷம். பத்தரிடம் காரணத்தைச் சொல்லிக் கொடுங்கள்.

வைக்கிற விதம். ஒவ்வொன்றும் தனித்தனித் துணியில். வைரம் எதையும் கீறும், தங்கச் சங்கிலியும் முத்தும் ஒரே பையில் கிடந்தால் நஷ்டம் முத்துக்கு. கொலுசை ரப்பர் பேண்டால் கட்டாதீர்கள், ரப்பரிலும் கந்தகம் இருக்கிறது. வெறும் வெள்ளிக்கு ஜிப் வைத்த பை நல்லது, உள்ளே ஒரு சாக்பீஸ் போட்டால் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கடையில் மடித்துக் கொடுக்கிற ரோஸ் காகிதம் வீட்டுக்கு வந்ததும் குப்பைக்குப் போகட்டும். நனைந்தால் சாயம் விடும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு என்னிடம் வந்த முத்துகளில் சில இளஞ்சிவப்பாக வந்தன, அந்தச் சாயம் கடைசிவரை போகவில்லை. லாக்கர் பாதுகாப்புதான், ஆனால் வெள்ளத்துக்கு இல்லை. ரிசர்வ் வங்கியின் 2022 ஜனவரி முதலான விதிப்படி தீ, திருட்டு, கட்டடம் இடிதல், ஊழியர் மோசடி இவற்றுக்கு வருஷ வாடகையைப் போல 100 மடங்கு வரை வங்கி பொறுப்பு. இயற்கைச் சீற்றத்துக்குப் பொறுப்பில்லை. அதனால் லாக்கரின் உள்ளேயும் துணிப்பைக்கு மேல் மூடி இறுகின ஒரு டப்பா இருக்கட்டும். முத்துமாலையை மட்டும் வருஷத்துக்கு இரண்டு முறையாவது வெளியே எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாணம் ஆவணியில் என்றீர்கள். அட்டிகையையும் தோட்டையும் ஆடியிலேயே பத்தரிடம் கொண்டுபோய்விடுங்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, பட்டறையில் கை ஓய்ந்திருக்கும், நிதானமாகச் செய்வார். ஆவணி பிறந்துவிட்டால் ‘நாளைக்கு வாங்க’தான். ஆடிப்பெருக்குக்கு உங்கள் வீட்டில் தாலிச்சரடு மாற்றுகிற வழக்கம் இருந்தால் அன்றைக்குத்தான் மாங்கல்யம் தனியாகக் கையில் வரும். முதல் நாளே பூந்திக்கொட்டையை வாங்கி வைத்துவிடுங்கள்.